டர்போ பெட்ரோலில் ஆட்டோமேட்டிக்: வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

காட்பாடிக்காரன்: அண்ணன்மார்களே, டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் வாங்க ஆசை. தினமும் கிரீன் சர்க்கிள் நெரிசல், எப்போதாவது ஏலகிரி. கியர்பாக்ஸ் நிலைக்குமா?

சத்துவாச்சாரி மெக்கானிக்: தம்பி, டர்போ மேல் பழி போடாதீங்க. எந்த கியர்பாக்ஸ் என்று கேளுங்க. 2022இல் வந்த ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் காரையே பாருங்க: 1.0 லிட்டர் இன்ஜினுக்கு டார்க் கன்வெர்ட்டர் வகை கியர்பாக்ஸ், 1.5க்கு டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். இந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில் இருப்பது உலர் கிளட்ச். அதைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. மே மாத வெயிலில், பிரேக்கை லேசாக விட்டு விட்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் பாதி பிடித்த கிளட்ச் உரசிச் சூடாகும். போன வாரம் ஒரு வண்டி, முதல் கியரில் கிளம்பும்போதே உதறல். அதன் உரிமையாளர் ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திவைப்பாராம்! டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய்தான் விசையைக் கடத்தும், ஊர்வதைத் தாங்கும். மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆம்பூர் அக்கா: என்னுடையது டார்க் கன்வெர்ட்டர். ஏலகிரியின் 14 வளைவும் சிரமமில்லை. இறங்கும்போது மேனுவல் மோடில் இரண்டாவது கியர் போடுங்க.

காட்பாடிக்காரன்: சரி அண்ணே, 1.0 பார்க்கிறேன். கியர் ஆயில் மாற்ற வேண்டுமா?

சத்துவாச்சாரி மெக்கானிக்: ஆயுளுக்கும் போதும் என்பார்கள். நம்பாதீங்க, 60,000 கிலோமீட்டரில் மாற்றிடுங்க.