சிப்பிக் காளானில் தண்டு மட்டும் நீள்கிறது, இன்னொரு பையில் பச்சைத் திட்டு: என்ன செய்யலாம்?

கேள்வி (ராமமூர்த்தி நகர், பெங்களூரு):
ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வித்து வாங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து வைக்கோலில் இரண்டு பை கட்டினோம். ஸ்டோர் ரூமில் மூடி வைத்ததில் வைக்கோல் முழுக்க வெள்ளையாகக் காளான் இழை நன்றாகப் படர்ந்தது. இப்போது ஒரு பையில் ஓட்டை வழியாகக் கொத்தாக வந்திருக்கிறது, ஆனால் தண்டு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. இன்னொரு பையின் அடி மூலையில் பச்சையாக ஒரு திட்டு. தண்ணீர் காலை, மாலை தெளிக்கிறோம். பச்சையை மட்டும் வெட்டிவிட்டால் போதுமா? சின்னவனுக்கு அடிக்கடி வீசிங் வரும், அதற்கும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மாடித்தோட்டம்:
அக்கா, தண்டு நீள்வது காற்றோட்டம் இல்லாததால். காளானும் மூச்சு விடும். மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் குடை விரியாமல் தண்டு ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளை படரும் வரைக்கும் ஸ்டோர் ரூம் சரி. அப்புறம் சமையலறையை ஒட்டிய, காற்று வரும் யூட்டிலிட்டிக்கு மாற்றுங்கள். நேர் வெயில் படக் கூடாது, பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் வேண்டும். ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால் சுற்றிலும் நனைத்த சாக்கு தொங்கவிடுங்கள். நீண்டுபோன கொத்தை அடியோடு திருகி எடுத்துவிடுங்கள், அடுத்த முறை குடை நன்றாக விரியும்.

ஹெப்பாள் வாசகர்:
மேடம், அந்தப் பச்சை டிரைக்கோடெர்மா பூஞ்சை. வீட்டுக்குள் வெட்டவே வேண்டாம், பொடி பறந்து நல்ல பையிலும் ஒட்டும். பையை இன்னொரு கவரில் போட்டுக் கட்டி வெளியேற்றுங்கள். அடி மூலையில் வந்திருப்பதால் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கலாம். அடுத்த தடவை ஊறிய வைக்கோலை 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து, வடித்து, ஆறவிடுங்கள். வெந்நீர் வேலை பெரியவர்களுக்கு. பதம் பார்ப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம்: ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை ஈரமானால் போதும். பையின் அடியிலும் இரண்டு ஓட்டை போடுங்கள்.

வீசிங் விஷயத்தை லேசாக விடாதீர்கள். சிப்பிக் காளான் முற்றினால் வெள்ளைப் பொடியாக வித்துத்தூள் கொட்டும். காளான் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கே அதனால் இருமலும் மூச்சுத்திணறலும் வருவதுண்டு. குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிடுங்கள். பை படுக்கையறைப் பக்கமே வர வேண்டாம். குழந்தையின் டாக்டரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பச்சைப் பை வெளியே போய்விட்டது, மற்றதை யூட்டிலிட்டியில் மாட்டியிருக்கிறோம். டாக்டரைக் கேட்கும் வரை சின்னவன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான். இன்னொன்று: மழை பெய்தால் அபார்ட்மென்ட் புல்வெளியில் குடைக்காளான் முளைக்கிறது. இதுவும் அதே மாதிரிதானே, பறிக்கலாமா என்கிறாள் பெரியவள்.

ஹெப்பாள் வாசகர்:
கூடவே கூடாது. புல்வெளியில் வரும் வெள்ளைக் குடைகளில் சாப்பிட்டால் கடுமையாக வாந்தி, பேதி உண்டாக்கும் ரகம் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாத ரகங்களும் இருக்கின்றன. நாம் வித்துப் போட்ட பையில் வருவதை மட்டும் சாப்பிடலாம் என்று இருவருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.