கினிப்பன்றியின் தோலைத் துளைக்கும் உயிரிக்கு எந்தப் பெயர்?

அன்புள்ள அவையோர்க்கு,

வணக்கம். கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் கினிப்பன்றி வளர்க்கும் வீடுகளுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தோலில் சொறியை உண்டாக்கும் எட்டுக்கால் சிற்றுயிரான 'மைட்' (mite) என்பதன் பெயர் மட்டும் இன்னும் தமிழாகாமல் நிற்கிறது. விலங்கையே 'சீமைப்பெருச்சாளி' என்று குறிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பழைய வழக்குதான். ஆனால், பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சும் விலங்கைப் பெருச்சாளி என்று அச்சிட்டால், வாங்குபவர் அறிக்கை தமக்கானது என்று எண்ணமாட்டார்.

தொண்டி ஐயா 'நுண்ணுண்ணி' என்ற சொல்லைத் தந்தார். தனிக்குறில் முன் ஒற்று இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி புணர்ச்சி பழுதற்றது. என் தயக்கம் பொருளைப் பற்றியது. ஆடு வளர்க்கும் நம் கரையோர வீடுகளில் உண்ணி என்றால், காதடியில் பயறு போல உப்பித் தொங்குவதும், பிடித்து இழுத்து நசுக்கக்கூடியதுமே ஆகும். கினிப்பன்றியைத் தாக்கும் மைட்டான, 1972இல் விவரிக்கப்பட்ட டிரிக்சகாரஸ் கேவியே அப்படிப்பட்டதன்று. அது தோலுக்குள் துளைத்து வாழ்கிறது. முதுகு முடியை விலக்கிப் பார்ப்பவருக்குச் சிவந்த தோலும், வெண்மையான செதிலும், மஞ்சள் பொருக்கும் தெரியும், உயிரி தெரியாது. உண்ணி இல்லையே என்று அவர் தேங்காய் எண்ணெய் தடவிக் காத்திருப்பார். அதற்குள் விலங்கு தீனியை விட்டு மெலிந்துபோகும். அரிப்பு முற்றினால் வலிப்பே வந்துவிடும்.

'சொறிப்பேன்' என்ற பரிந்துரைக்கும் இதே குறை உண்டு. 'ஈரும் பேனும்' பொருநராற்றுப்படையிலேயே இருப்பதால் சொல்லின் தொன்மையில் ஐயமில்லை. ஆனால் பேன் ஆறுகால் பூச்சி, முடிக்கிடையில் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். கினிப்பன்றிக்குப் பேனும் தனியாக உண்டு என்பதால், இரண்டுக்கும் ஒரு பெயர் வைப்பது குழப்பத்தையே வளர்க்கும்.

ஆகவே 'சொறிப்பூச்சி' என்பது என் முன்மொழிவு. பெயரைக் கேட்டதும் நோய் புரியும். உயிரியைத் தேடிப் பிடிக்கத் தோன்றாது.

இன்னொன்று. விலங்கின் உடல் மெலிந்துபோவதை 'இளைப்பு' என்று எழுதச் சொன்னவர்கள், நம் பக்கத்தில் அது மூச்சிரைப்பையும் குறிக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 'எடை குறைப்பு' விளம்பரச் சொல்லாகிவிட்டது. விரும்பிச் செய்வது போன்ற பொருளைத் தருகிறது. 'மெலிவு' போதும்.

கீழக்கரையிலிருந்து

---

அன்புள்ள அம்மா,

மெலிவை ஏற்கிறேன், பூச்சியை ஏற்க இயலாது. எட்டுக்கால் உயிரியைப் பூச்சி என்று அச்சிட்டால், வகுப்பில் ஆறுகால் என்று படித்த பிள்ளை எதை நம்பும்? தென்னையைத் தாக்கும் மைட்டுக்கு 'ஈரியோபைட் சிலந்தி' என்பது நம் தோப்புக்காரர்களுக்குப் பழகிய பெயர். அது போலச் 'சொறிச்சிலந்தி' என்றால் வகையும் சரியாகும், சொல்லும் தமிழாகும். அறிக்கையில் 'குட்டி' என்று எழுதியிருப்பது நன்று. தொல்காப்பிய மரபியல் எலிக்குக் குட்டி என்ற இளமைப்பெயரைத் தருகிறது, பறழ் என்றாலும் ஒக்கும் என்கிறது. இவ்வளவு நுட்பமான மரபுள்ள மொழியில் சிலந்தியைப் பூச்சியாக்க வேண்டியதில்லை.

தொண்டியிலிருந்து

---

ஐயா,

பாடநூலுக்கு உங்கள் சொல்லே பொருந்தும். ஆனால் 'சிலந்தி' என்பது உடலில் வரும் கட்டிக்கும் பெயர் என்பதால், 'சொறிச்சிலந்தி' என்றதும் மற்றொரு புண் என்றே பலர் கொள்வர். குடற்புழுவையும் 'வயிற்றுப்பூச்சி' என்றே சொல்லும் மக்கள் வழக்கில், பூச்சி என்ற சொல் கால்களை எண்ணிப் பார்ப்பதில்லை. மடல் எழுதியவருள் பெரும்பாலோர் 'இதையே வைத்து முடியுங்கள்' என்றுவிட்டதால், இப்பதிப்பில் சொறிப்பூச்சியே வரும். உங்கள் மறுப்பு மறுபதிப்பின்போது மீண்டும் விவாதத்துக்கு வரட்டும். அச்சுக்குப் போகும் பத்தி இது:

"கினிப்பன்றி ஓயாமல் சொறிந்து, முடி உதிர்ந்து, தோலில் பொருக்குத் தட்டினால் சொறிப்பூச்சி இருக்கலாம். இது கண்ணுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். ஐவர்மெக்டின் போன்ற மருந்தை, உடல் எடையைக் கணக்கிட்டு அவரே தர வேண்டும். முட்டையிலிருந்து பின்னால் பொரித்து வருபவற்றையும் கொல்ல, 7 முதல் 14 நாள் இடைவெளியில் மீண்டும் தருவார். உடன் வளரும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்து, கூண்டின் படுக்கையை மாற்றுங்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தை விடாதீர்கள். வளர்ந்த கினிப்பன்றி பெரும்பாலும் 700 முதல் 1200 கிராம் இருக்கும். வாரந்தோறும் நிறுத்து எழுதி வையுங்கள். சொறி ஆறிய பின்னும் மெலிவு தொடர்ந்தால் மருத்துவரிடம் பற்களைக் காட்டுங்கள். அவை வாழ்நாள் முழுதும் வளர்பவை. வைட்டமின் சி-யை இதன் உடல் உண்டாக்கிக்கொள்ளாது. கொத்தமல்லித் தழையும் குடைமிளகாயும் நாளும் கொடுங்கள். ஒரு நாள் முழுதும் தீனி எடுக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்."

இதில் பிழை கண்டால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து