கரவனில் பெரிய கட்டிலா, தட்டுக் கட்டிலா? ஞாயிறு காலைக்குள் பதில் சொல்ல வேண்டும்

உப்புவெளிப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். போன ஐப்பசியில் திருகோணமலையில் இருந்து இங்கிலாந்து வந்தோம். கொவென்றியில் வாடகை வீடு. பள்ளிக்கூட விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று பார்த்தால், எங்கள் குடும்பத்துக்கு ஹோட்டலில் இரண்டு அறை எடுக்க வேண்டுமாம். அந்தக் காசுக்கு ஒருவர் ஊருக்கே போய் வரலாம். வேலையிடத்தில் ஒருவர், காரில் கொழுவி இழுக்கிற கரவன், அதாவது சில்லு வைத்த சின்ன வீடு, வாங்கச் சொன்னார். அவருக்குத் தெரிந்தவரிடம் பழைய கரவன் இரண்டு நிற்கிறது. ஒன்றில் பின்பக்கம் பெரிய நிரந்தரக் கட்டில், முன்னால் எதிரெதிராக இரண்டு நீள இருக்கை. மற்றதில் பின்பக்கம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தட்டுக் கட்டில், நடுவில் சின்னச் சாப்பாட்டு மேசை, முன்னால் அதே இருக்கை. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஞாயிறு காலை வேறு ஆள் பார்க்க வருகிறாராம், அதற்குள் முற்பணம் போட்டுவிடு என்கிறார். எனக்கு இன்றும் நாளையும் இரவு வேலை. கணவர் "நீயே முடிவெடு" என்று விட்டுவிட்டார். எது நல்லது? யாராவது சொல்லுங்கள், தலை சுற்றுகிறது.

தம்பலகாமத்தான்:
பிள்ளை, வந்து ஒரு வருசம் ஆகவில்லை, அதற்குள் கரவனா? நாங்கள் வந்தபோது லண்டனில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறை, நாலு ஆம்பிளைகள். மீற்றருக்குள் சில்லறை போட்டால்தான் ஹீற்றர் வேலை செய்யும். சில்லறை முடிந்தால் கோட்டைப் போட்டுக்கொண்டு படுப்போம். ஒருத்தன் இரவு வேலைக்குப் போக, அவன் மெத்தையில் மற்றவன் படுப்பான். அப்படிச் சேர்த்துத்தான் வீட்டுக்கு முற்பணம் கட்டினோம். முதலில் வீடு, அப்புறம் விளையாட்டு.

லிங்கநகர்:
நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். இங்கே அதை டிரெயிலர் என்போம். சின்னது வாங்கி மாரடிக்க வேண்டாம். பெரிதாகப் பாருங்கள், இழுக்க ஒரு பிக்கப் ட்ரக் எடுங்கள், பிரச்சினை முடிந்தது.

உவர்மலை அக்கா:
லிங்கநகர் தம்பி, இங்கிலாந்து றோட்டுக்கு உங்கள் கனடாக் கணக்கு சரிவராது. சாதாரணக் கார் இழுக்கிற கரவனின் உடம்பு ஏழு மீற்றருக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது, அகலம் 2.55 மீற்றர். டெவன் பக்கத்து ஒழுங்கைக்குள் அதுவே அதிகம்.

தங்கச்சி, பெரிய கட்டில் உள்ளதை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம். இரவு வேலை செய்கிற உடம்பு. முன் இருக்கையைக் கட்டிலாக்குவது என்றால் அடியில் உள்ள பலகைச் சட்டத்தை இழுத்து, சாய்வு மெத்தைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளிக்குள் அடைக்க வேண்டும். விடிந்தால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிக்க இடம் கிடைக்கும். நிரந்தரக் கட்டில் என்றால் போனோம், விழுந்தோம், படுத்தோம்.

டொக்யாட் றோட்:
அக்கா சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்களிடம் இருந்தது அந்தப் பெரிய கட்டில் வகைதான். பெற்றாருக்குப் பின் கட்டில் என்றால் பிள்ளைகள் எங்கே படுப்பது? முன் இருக்கையில்தான். அதாவது உங்கள் குந்தியிருக்கிற இடமே அவர்கள் படுக்கை. எட்டு மணிக்கு அவர்களைப் படுக்க வைத்தால் எட்டு மணிக்கே உங்களுக்கும் இரவு. வேல்ஸில் ஒரு மழை நாள், நானும் மனைவியும் பின் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, சின்னவன் முழித்துவிடுவான் என்று போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, பிஸ்கட் பக்கற்றைச் சத்தம் வராமல் பிரித்துச் சாப்பிட்டோம். வெளியே போகலாம் என்றால் மழை. இதற்கா காசு கொடுத்தோம் என்று இருந்தது.

தட்டுக் கட்டில் வகையில் பிள்ளைகள் பின்னால் போய்விடுவார்கள். நடுவில் திரையை இழுத்துவிட்டால் முன்பக்கம் பெரியவர்களுக்கு. கட்டில் விரிக்கிற வேலை உங்களுக்கு உண்டுதான், ஆனால் உங்களுக்கு நித்திரை வரும்போது விரிக்கலாம். பகலிலும் மழை பெய்தால் (பெய்யும்) ஒன்று நடு மேசையில் படம் கீறும், ஒன்று தட்டில் ஏறிப் படுத்திருக்கும். சண்டை பாதியாகக் குறையும்.

உவர்மலை அக்கா:
உங்களுக்கு முதுகு நல்லாக இருக்கிறது போல.

மூதூர் வயல்காரன்:
கட்டிலைப் பற்றியே கதைக்கிறீர்கள், குசினியை யாரும் பார்க்கவில்லை. நம் ஆட்கள் மீன் பொரிக்காமல் இருக்க மாட்டார்கள். ஒருமுறை உள்ளே பொரித்தால் அந்த மெத்தைத் துணியில் மணம் அடுத்த கோடை வரை நிற்கும். கதவோடு பொருத்துகிற ஓனிங் கூடாரம் ஒன்று எடுத்து, அதற்கு வெளியே, காற்றுப் போகிற இடத்தில் அடுப்பை வையுங்கள். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கக் கூடாது, கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொன்றுவிடும். கரவனுக்குள்ளும் அதற்கான எச்சரிக்கை அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தம்பலகாமத்தான்:
இங்கே விடுமுறை என்றால் விலையை இரண்டு மடங்காக்குவதும், பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் தண்டம் போடுவதும். என்ன நியாயம்?

லிங்கநகர்:
தண்டமா?

டொக்யாட் றோட்:
ஓம், இங்கிலாந்தில் இப்போது ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றாருக்கும் 80 பவுண். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. தாய், தகப்பன், மூன்று பிள்ளை என்று பெருக்கிப் பாருங்கள். விலை கூடிய விடுமுறையில் போனால் ஹோட்டல்காரன் எடுக்கிறான், விலை குறைந்த நாளில் போனால் கவுன்சில் எடுக்கிறது.

மூதூர் வயல்காரன்:
நம்மூர்க் கடல் சித்திரையில் இருந்து புரட்டாசி வரை குளம் மாதிரிக் கிடக்கும். நிலாவெளியில் இறங்கினால் புறாமலைத் தீவுக்குப் படகு. இங்கே ஆடி மாதத்தில் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கிறோம்.

லிங்கநகர்:
நிலாவெளியில் இப்போது அறை வாடகை கேட்டுப் பார்த்தீர்களா? வெளிநாட்டுக்காரர் விலைதான் நமக்கும். போன முறை போனபோது என்னோடு இங்கிலீசில் கதைத்தான்.

தம்பலகாமத்தான்:
அது சரி, கரவன் வாங்கினால் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். "சனி ஞாயிறு சும்மாதானே நிற்கிறது" என்று திறப்பு கேட்பார்கள்.

கிண்ணியா நானா:
எல்லாரும் நல்லாக் கதைத்தீர்கள். ஆனால் தங்கச்சியிடம் கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது? என்ன கார்? யார் ஓட்டுவது, எந்த நாட்டு லைசென்ஸ்? கரவனை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? இந்த நாலும் தெரியாமல் கட்டிலைப் பற்றிப் பேசி வேலை இல்லை.

உப்புவெளிப் பிள்ளை:
மன்னிக்க வேண்டும் நானா, வேலை இடைவேளையில் எழுதுகிறேன். மூன்று பிள்ளைகள். மகளுக்கு 11, பெரிய மகனுக்கு 7, கடைக்குட்டிக்கு 2. கார் சின்ன ஹைபிரிட், ஐந்து இருக்கை. ஓட்டுவது இவர், இலங்கை லைசென்ஸ். வீட்டுக்கு முன்னால் கார் நிற்கிற அளவு இடம் இருக்கிறது, வீட்டுச் சொந்தக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை. அம்மாவும் ஆனி மாதம் விசிட் விசாவில் வருகிறார், அவருக்கு முழங்கால் ஏலாது, இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புவார். இதை முதலே சொல்லியிருக்க வேண்டுமோ?

உவர்மலை அக்கா:
சொல்லியிருக்க வேண்டும்! அம்மா வருகிறார் என்றால் என் பேச்சை நானே மாற்றுகிறேன். பெரிய கட்டில் வகையில் ரொயிலெற் அனேகமாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், பின் மூலையில் இருக்கும். முன்னால் படுக்கிற அம்மா ஒவ்வொரு தரமும் உங்கள் காலைத் தாண்டிப் போக வேண்டும். தட்டுக் கட்டில் வகை என்றால் நடு மேசையை இறக்கி அம்மாவுக்குப் படுக்கை போடலாம். ரொயிலெற் இரண்டு எட்டு வைக்கிற தூரம். மகள் மேல் தட்டு, மகன் கீழ்த் தட்டு, கடைக்குட்டி உங்களோடு முன்னால். மேல் தட்டுக்கு ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்ற வேண்டாம். தட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்றும் அங்கேயே ஒட்டியிருப்பார்கள், மகள் வளர்கிற வயது, அதைப் பாருங்கள்.

கிண்ணியா நானா:
சரி, இப்போது விசயத்துக்கு வருவோம்.

முதல் சிக்கல் கட்டில் இல்லை, கார். நீங்கள் அம்மாவோடு ஆறு பேர், காரில் ஐந்து இருக்கை. ஓடும்போது கரவனுக்குள் ஆள் இருப்பது சட்டப்படி கூடாது. "அம்மா உள்ளே படுத்துக்கொண்டு வரட்டும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

அடுத்தது, அந்தக் கார் இழுக்குமா? சில ஹைபிரிட் கார்களுக்கு இழுக்கிற அனுமதியே கிடையாது. கதவுத் தூணிலோ பொனற்றுக்குள்ளோ ஒரு தகடு இருக்கும். அதில் முதல் எண் காரின் அதிகபட்ச நிறை, இரண்டாவது காரும் கரவனும் சேர்ந்த நிறை. கழித்தால் வருவதுதான் இழுக்கக்கூடியது. இரண்டாவது எண் இல்லையென்றால் அந்தக் காரில் எதையும் கொழுவக் கூடாது. இழுக்கலாம் என்று வந்தாலும், புதிதாக இழுக்கிறவர்களுக்குக் கரவன் கழகங்கள் சொல்கிற அளவு, கரவனின் முழுப் பாரம் காரின் வெறும் நிறையில் 85 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. ஆறு பேர் படுக்கிற கரவன் சின்னக் காருக்கு அடங்குவது கஷ்டம்.

கரவனிலும் இரண்டு எண் உண்டு. வெறுமையாக எவ்வளவு, ஏற்றி எவ்வளவு என்று. வித்தியாசம்தான் உங்கள் சாமான். சாமானோ ஆளுக்கு ஆள் கூடும். கூடாரம், அரிசி, அம்மாவின் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாரத்தைச் சில்லுக்கு மேலே, தரையோடு வையுங்கள். பின்னால் தட்டுக் கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கிறது என்று அங்கே அடைத்தால் மோட்டர்வேயில் வால் ஆடத் தொடங்கும். கொக்கியில் இறங்கும் பாரம் மொத்தத்தில் 5 முதல் 7 வீதம் இருக்க வேண்டும், காருக்குச் சொன்ன எல்லைக்குள்.

மூன்றாவது லைசென்ஸ். இலங்கை லைசென்ஸில் குடிவந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதை இங்கத்தைய லைசென்ஸாக மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துச் சோதனை, ஓட்டச் சோதனை இரண்டும் எடுக்க வேண்டும். ஐப்பசியில் வந்தீர்கள் என்றால் வருகிற ஐப்பசியோடு சரி. சோதனைக்கு நாள் கிடைப்பது இப்போது பெரும்பாடு, இன்றே பயிற்சி லைசென்ஸுக்குப் போடச் சொல்லுங்கள். பயிற்சி லைசென்ஸில் கரவன் இழுக்க முடியாது. சோதனை பாஸ் பண்ணிவிட்டால் 2021 மார்கழிக்குப் பிறகு தனிச் சோதனை இல்லாமலே 3,500 கிலோ வரை இழுக்கலாம். இழுத்துக்கொண்டு போகும்போது மோட்டர்வேயில் 60 மைல், ஒற்றைப் பாதையில் 50.

இந்தக் கோடைக்கு என் சொல் இதுதான். வாங்க வேண்டாம். கடற்கரைப் பார்க் ஒன்றில் நிலையாக நிறுத்திய கரவன் வாடகைக்கு எடுங்கள். ஆறு பேர், எட்டுப் பேர் படுக்கிறது கிடைக்கும், ரொயிலெற், குசினி, ஹீற்றர் எல்லாம் உண்டு. ஒருவர் மட்டும் ரயிலில் வரட்டும். யார் எங்கே படுத்தால் யார் முழிக்கிறார்கள் என்று அங்கே தெரிந்துவிடும்.

மூதூர் வயல்காரன்:
நானா சொன்னது சரி. ஆனாலும் விற்கிறவரைப் பகைக்காமல் போய்ப் பாருங்கள், பழகலாம். மூலைச் சுவரைக் கையால் அழுத்துங்கள், மெத்தென்று இருந்தால் உள்ளே ஈரம். ஈரமானி வைத்துப் பார்த்தால் 15 வீதத்துக்குள் நல்லது, 20ஐத் தாண்டினால் செலவு. ரயரில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018இன் 23ஆவது கிழமை செய்தது. ஏழு வருசம் கடந்த ரயர் பூ தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டும். யன்னலில் பொறித்த எண்ணும் சட்டகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள், இல்லாவிட்டால் களவுச் சாமானாகவும் இருக்கலாம். பார்க்காமல் முற்பணம் போட வேண்டாம்.

உவர்மலை அக்கா:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிறகு கரவன் வாங்கினால் சோறு அவிக்கிற மின்சட்டி, கேத்தில், ஹீற்றர் மூன்றையும் ஒன்றாகப் போட வேண்டாம். கரவன் நிறுத்துகிற நல்ல இடத்தில் 16 அம்பியர் மின்சாரம் தருவார்கள், அதாவது மூவாயிரத்து அறுநூறு வாற்ஸ் சொச்சம். கேத்தில் ஒன்றே இரண்டாயிரத்துக்கு மேல் இழுக்கும். சில இடங்களில் 10 அம்பியர்தான். சுடுதண்ணீர்த் தாங்கியும் பத்துப் பதினாலு லீற்றர்தான் பிடிக்கும், நம்மூர்க் கன்னியா வெந்நீர்க் கிணறு இல்லை. மகளின் தலைமுழுக்குக்குப் பார்க்கில் உள்ள பொதுக் குளியலறைக்குப் போங்கள்.

உப்புவெளிப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் வீட்டுக்கு வந்து காரின் தகட்டைப் பார்த்தேன், இரண்டாவது எண் இல்லை. விற்கிறவருக்கு "இப்போது வேண்டாம்" என்று அனுப்பிவிட்டேன், அவரும் கோபிக்கவில்லை. இவர் பயிற்சி லைசென்ஸுக்கு இணையத்தில் படிவம் நிரப்புகிறார். வாடகைக் கரவன் ஆடிக் கடைசியில் பார்க்கிறேன். வாசலில் படிக்குப் பதில் சாய்தளம் உள்ளதாகக் கேட்டு எடுக்கலாமா? அம்மாவுக்குப் படி ஏறுவதுதான் கஷ்டம்.

கிண்ணியா நானா:
எடுக்கலாம் தங்கச்சி. பதிவு செய்யும்போதே கேளுங்கள், பார்க்குகளில் அப்படிச் சில வைத்திருப்பார்கள், முதலில் முடிவதும் அவைதான். போன் எடுத்தே கேளுங்கள்.

டொக்யாட் றோட்:
தங்கச்சி, அந்தத் தட்டுக் கட்டில் கரவன் எந்த இடத்தில் நிற்கிறது? விலை என்ன சொன்னார்? ஞாயிறு எனக்கு ஓய்வுதான்.