பழைய பைக் இன்ஜினுக்கு ஸ்பேர் தேடிய அனுபவம் - உங்களுடையதையும் சொல்லுங்கள்

மைசூரில் தயாரான ஜாவா 250 என்ற டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றின் இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1961-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது, 1996-ல் தொழிற்சாலையே மூடிவிட்டது. ஆகவே இன்று நம் கைக்கு வருவது மூன்று வகை ஸ்பேர்தான். அந்தக் காலத்தில் செய்து விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக், இப்போது யாரோ புதிதாகச் செய்து விற்பது, வேறு வண்டியிலிருந்து கழற்றியது. மூன்றிலும் வாங்கியிருக்கிறேன். நான் கண்டவரை, வண்டியின் பெயரைச் சொல்லித் தேடினால் அலைச்சல்தான். அளவைச் சொல்லித் தேடினால் பாதிப் பொருள் சுலபமாகவே கிடைக்கிறது.

பேரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஜாவா பேரிங்" என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. கழற்றிய பேரிங்கைத் துடைத்தால் ஓரத்தில் எண் தெரியும். 6305 என்று இருந்தால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 62, அகலம் 17. எந்த நாட்டில் செய்தாலும் இதே அளவுதான். எண்ணுக்குப் பின்னால் சி3 (C3) என்று இருக்கிறதா என்பதை மட்டும் விடாமல் பாருங்கள். இன்ஜின் கேஸில் இறுக்கமாக ஏறும்போதும், இன்ஜின் சூடாகும்போதும் பேரிங்குக்குள் இருக்கும் இடைவெளி குறையும். அதற்காகவே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்வதுதான் சி3.

பிஸ்டன் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு வயதான ஸ்பேர் வியாபாரி. 65 மி.மீ. போருக்கு, அதாவது சிலிண்டர் துளைக்கு, ஓவர்சைஸ் பிஸ்டன் (அசல் அளவைவிடச் சற்றுப் பெரியது) வேண்டும் என்றதும், "சிலிண்டர் போர் போட்டாச்சா தம்பி?" என்று கேட்டார். தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்குவதைத்தான் போர் போடுவது என்பார்கள். இன்னும் இல்லை என்றேன். "நல்லது. முதலில் பிஸ்டன் வாங்குங்க, அதை லேத்துக்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்க" என்றார். காரணத்தையும் காட்டினார். பெட்டியில் 0.50 (அரை மி.மீ. ஓவர்சைஸ்) என்று எழுதியிருந்த இரண்டு பிஸ்டன்களை எடுத்து, பிஸ்டன் பின் செருகும் துளைக்குக் குறுக்குவாட்டில், அடிப்பகுதியில் மைக்ரோமீட்டர் வைத்தார். இரண்டும் ஒரே அளவு இல்லை! முதலிலேயே போர் போட்டுவிட்டு பிஸ்டன் தேடியிருந்தால், கிடைத்த பிஸ்டன் லூசாகவோ இறுக்கமாகவோதான் நின்றிருக்கும்.

அதே இடத்தில் இன்னொருவர் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் பிஸ்டன் ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு "இதுவும் 65தானே, போடலாமா?" என்று கேட்டார். பெரியவர் பிஸ்டன் காடியில் இருந்த சின்ன முளையைக் காட்டினார். டூ ஸ்ட்ரோக்கில் ரிங் சுற்றக் கூடாது. சுற்றினால் அதன் முனை சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துவாரத்தில் சிக்கி உடைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த முளை, ரிங்கின் முனையும் அதற்கேற்ற வடிவில் வெட்டியிருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் ரிங்கில் அது இருக்காது. விற்றால் லாபம் என்று பார்க்காமல் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிற மனிதர்களால்தான் இந்தப் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

*

அருமையான பதிவு அண்ணே. பழைய ஸ்டாக் என்றாலே தங்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரும்புக்கு அது சரி. கியர், ஷாஃப்ட் எல்லாம் துரு ஏறாமல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பழைய ஸ்டாக் வாங்கலாம். ரப்பருக்கு அது பொருந்தாது.

என் நண்பர் ஒருவரின் டூ ஸ்ட்ரோக் வண்டி, இன்ஜின் கட்டிய கொஞ்ச நாளிலேயே ஓட்டத்தில் ஜாம் ஆகி நின்றுவிட்டது. பிரிக்கும்போது நானும் கூட இருந்தேன். கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், பிரிக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்ட பழைய ஸ்டாக்காம். அதன் உதட்டை (ஷாஃப்டைத் தொடும் ஓரத்தை) நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தது. அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது. சீலிலும் அளவு அச்சிட்டிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அதே அளவில் புதிதாக வாங்குவதே நல்லது. வைட்டான் ரப்பரில் கிடைத்தால் இன்னும் நல்லது, சூட்டையும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும்.

*

நான் பழைய பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று வைத்திருக்கிறேன். கிராங்கைத் தாங்கும் கூடான கிராங்க் கேஸ் இரண்டு பாதியாக இருக்கும், அதில் இடது பாதி விரிசல் விட்டிருந்தது. ஒருவர் இடது பாதி மட்டும் இருக்கிறது, தருகிறேன் என்றார். பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. ஆனாலும் வாங்கவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்து முடுக்கி வைத்துத்தான் பேரிங் துளையைக் கடைவார்கள். பல வண்டிகளில் இரண்டு பாதியிலும் ஒரே ஜோடி எண் குத்தியிருப்பார்கள். அவர் காட்டியதில் இருந்த எண் வேறு. ஜோடி மாறினால் கிராங்க் நேராக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடைசியில் இருந்ததையே நல்ல வெல்டரிடம் கொடுத்து ஒட்டவைத்து, இரண்டு பாதியையும் சேர்த்துக் கடைந்து வாங்கினேன்.

அப்புறம் மரை. இந்த வண்டிகளில் மெட்ரிக் போல்ட்டை வைத்து முடுக்கிவிடாதீர்கள். இவற்றில் வரும் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60. சைக்கிள் மரை என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் வகையும் 60 டிகிரிதான், ஆனால் அங்குலத்துக்கு 26 அல்லது 20 மரை என்று கணக்கு. ஒரு சுற்று ஏறுகிறதே என்று ஸ்பானர் வைத்தால் அலுமினியக் கேஸின் மரைதான் போகும். மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*

கிராங்க் கேஸ் விஷயம் மிக முக்கியம் சார், நன்றி. தம்பி சொன்ன சீல் கதையைப் படித்ததும் என்னிடமிருந்த பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதுவும் பழைய ஸ்டாக்தான், உதடு விறைத்திருக்கிறது. அளவைக் குறித்துக்கொண்டேன், புதிதாக வாங்கிய பிறகே கேஸை மூடுவேன். அடுத்தது கியர். கழற்றிய இரண்டாம் கியர் ஒன்று கிடைக்கிறது, பற்கள் நன்றாக இருக்கின்றன, பக்கத்து கியரைக் கவ்வும் பக்கவாட்டு நாய்ப்பல்லின் ஓரம் லேசாக உருண்டிருக்கிறது. எனக்கு என்னவோ வேண்டாம் என்றுதான் படுகிறது, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது கியர் நழுவும். ஜோடியாக இரண்டு சக்கரமும் சேர்த்துக் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று இருக்கிறேன். இப்படி ஓரம் உருண்டதைப் போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.