உதவி தேவை: சிமுலேஷனில் ராக்கெட் தரையைத் தொடுமுன் மீண்டும் மேலெழுகிறது

கேள்வி:

வணக்கம். மீண்டும் பயன்படுத்தக்கூடிய ராக்கெட்டின் முதல் நிலை (அடிப்பகுதி) செங்குத்தாகத் தரையிறங்கும் முறையை மாணவர்களுக்கு விளக்குவதற்காக, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டை ஒத்த ஒரு சிமுலேஷனை எழுதிவருகிறேன். இறங்கும்போது நிறை 25 டன் என்றும், இயங்குவது ஒரே எஞ்சின் என்றும், அதன் முழு உந்துவிசை 845 கிலோநியூட்டன் என்றும், அதை முழு அளவின் 40 சதவீதமாகும் வரை குறைக்கலாம் என்றும் வைத்திருக்கிறேன். வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் விழும் ராக்கெட் பாதி உந்துவிசையிலேயே நின்றுவிடும்படி கணக்கிட்டு, சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் எஞ்சினை இயக்குகிறேன். ஆனால் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலேயே வேகம் பூஜ்யமாகி, ராக்கெட் மேல்நோக்கிச் செல்லத் தொடங்குகிறது. நிரலில் எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி:

தங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. 25 டன் நிறையின் எடை சுமார் 245 கிலோநியூட்டன். எஞ்சினின் குறைந்தபட்ச உந்துவிசையோ 338 கிலோநியூட்டன். எஞ்சின் எரியும்வரை ராக்கெட் மேல்நோக்கியே முடுக்கப்படும் என்பதால், அந்தரத்தில் நிற்பதும் மெதுவாக இறங்குவதும் இதற்கு இயலாதவை. வேகம் பூஜ்யமாகும் கணமும் தரையைத் தொடும் கணமும் ஒன்றாக அமைய வேண்டும். இத்தகைய தரையிறக்கத்தின் அழகும் கடினமும் அந்த ஒரே நிபந்தனையில்தான் இருக்கின்றன. முன்கூட்டியே எஞ்சினை இயக்குவது பாதுகாப்பானது என்று தோன்றினாலும், இங்கே அதுவே சிக்கலுக்குக் காரணம்.

புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டு ராக்கெட்டின் உந்துகலம் (எஞ்சின் உள்ள அடிப்பகுதி) தரைக்குச் சற்று மேலே நின்று நிதானித்து இறங்குவதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதன் எஞ்சினின் உந்துவிசையை எடைக்குச் சமமாகும் அளவுக்குக் குறைக்க முடிவதால்தான் அது சாத்தியமாகிறது.

மற்றொரு மறுமொழி:

மேலே சொன்னது சரி. ஆயினும் 400 மீட்டர் என்ற பெரிய இடைவெளிக்கு இன்னொரு காரணமும் இருக்க வேண்டும். காற்றுத்தடையைச் சிமுலேஷனில் சேர்த்துவிட்டு, எஞ்சினை இயக்கும் உயரத்தைக் கணக்கிடும்போது விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். 3.7 மீட்டர் விட்டமுள்ள உருளைக்கு, தடைக் குணகத்தை 1 என்று கொண்டால், வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் காற்றுத்தடை மட்டுமே சுமார் 250 கிலோநியூட்டன், அதாவது ராக்கெட்டின் எடைக்குச் சமம். அது உங்கள் திட்டத்தைவிட விரைவாக வேகத்தைக் குறைப்பதால், தேவைப்படும் உந்துவிசை 40 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. எஞ்சினால் அந்த அளவுக்குக் குறைய முடிவதில்லை.

70 சதவீத உந்துவிசையை அடிப்படையாக வைத்து, சுமார் 1,440 மீட்டரில் இயக்கிப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு படியிலும் வேகத்தின் வர்க்கத்தை உயரத்தின் இருமடங்கால் வகுத்து, தேவையான எதிர்முடுக்கத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். 70 என்று சொல்வதற்குக் காரணம், திருத்தம் செய்ய மேலேயும் கீழேயும் இடம் இருக்கிறது என்பதே. முழு உந்துவிசையை அடிப்படையாக வைத்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் எஞ்சின் சற்றே தாமதமாக எரிந்தாலும் ராக்கெட்டைக் காப்பாற்ற வழியிராது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. காற்றுத்தடை விடுபட்டிருந்தது உண்மைதான்; இப்போது ராக்கெட் தரைவரை வருகிறது. ஆனால் கடைசிச் சில மீட்டரில் தேவையான உந்துவிசை தாறுமாறாகத் துள்ளுகிறது. அந்தக் கட்டத்தில் எஞ்சினை அணைத்து மறுபடி இயக்கிச் சமாளிக்கலாமா?

மறுமொழி:

அணைத்து இயக்குவதைத் தவிர்த்துவிடுங்கள். பால்கன் 9-இல் உள்ள மெர்லின் எஞ்சின், காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் ஒரு திரவத்தைக் கொண்டுதான் எரியூட்டப்படுகிறது. அது அளவாகவே இருக்கும். 2018 பிப்ரவரியில் அதே எஞ்சின்களைக் கொண்ட பால்கன் ஹெவி ராக்கெட்டின் முதல் பயணத்தில், நடு உந்துகலம் தரையிறங்க இயக்க வேண்டிய மூன்று எஞ்சின்களில் இரண்டுக்கு அந்தத் திரவம் போதாமற்போய், அது மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் கடலில் மோதியது. மேலும், எஞ்சின் எரிந்து முழு அழுத்தத்தை எட்டச் சிறிது நேரம் பிடிக்கும். கடைசிச் சில மீட்டரில் அந்த நேரம் கிடைக்காது.

துள்ளலுக்குக் காரணம், உயரம் பூஜ்யத்தை நெருங்கும்போது வகுத்தல் நிலைகுலைவதுதான். இறுதி வேகத்தைப் பூஜ்யம் என்று வைக்காமல் வினாடிக்கு 2 மீட்டர் என்று வையுங்கள். அதன் வர்க்கத்தை இப்போதைய வேகத்தின் வர்க்கத்திலிருந்து கழித்த பிறகு வகுக்க வேண்டும். உயரத்தை ராக்கெட்டின் நிறைமையத்திலிருந்து அல்லாமல் விரிந்த கால்களின் அடியிலிருந்து அளவிடுங்கள். கால்கள் தரையைத் தொட்ட உடனேயே எஞ்சினை அணைக்கும் கட்டளையையும் சேருங்கள். இல்லையெனில் அந்த 40 சதவீத உந்துவிசையே ராக்கெட்டை மறுபடி தூக்கிவிடும்.