மறு: ஸ்மிஷிங்குக்குத் தமிழ்ச்சொல் – ‘வேடச்செய்தி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். குறுஞ்செய்தியில் நம்பகமான ஒருவர்போல் வேடமிட்டுப் பணமோ விவரமோ பறிக்கும் ‘ஸ்மிஷிங்’ மோசடிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நான் ‘வேடச்செய்தி’ என்றேன், அதற்கு வந்த பதில்:

> ‘போலிச் செய்தி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். தேர்தல் நேரத்து வதந்தியையும் போலிச் செய்தி என்றுதான் சொல்கிறோம். அடுத்து வந்த பரிந்துரை ‘தூண்டில்’. நல்ல சொல்தான். ஆனால் அது ஆசைப்பட்டவர் சிக்கிக்கொண்டார் என்று பழியை ஏமாந்தவர் மேல் போடுகிறது. பார்சல் மோசடியில் ஆசை எங்கே வந்தது?

அஞ்சல் துறையின் பெயரில் சுற்றும் செய்தியையே பாருங்கள். ‘உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. இரண்டு முறை கொண்டுவந்தோம், முகவரி முழுமையாக இல்லை. 48 மணி நேரத்துக்குள் திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்.’ கீழே ஓர் இணைப்பு. தொட்டால் அஞ்சல் துறையின் சின்னத்தோடு அச்சு அசலாக ஒரு பக்கம். முதலில் முகவரி கேட்கும், அப்புறம் மறுபடி கொண்டுவர 25 ரூபாய் போல ஏதோ சிறு தொகை. அந்தப் பணம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. கார்டு எண்ணும் அதிலுள்ள சிவிவி என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும்தான் குறி. இது மோசடி என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமே அறிவித்திருக்கிறது. ஏதோ ஒரு பார்சலுக்காகக் காத்திருப்பவர் இதை நம்புவதில் வியப்பில்லை. அவர் நம்பியது தபால்காரரை.

அதனால்தான் ‘வேடச்செய்தி’ என்கிறேன். மின்னஞ்சலில் வந்தால் வேட மின்னஞ்சல், போனில் பேசினால் வேட அழைப்பு. எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் சொல்லே காட்டிவிடுகிறது. இணைப்பில் ‘இந்தியாபோஸ்ட்’ என்று இருந்தால் மட்டும் போதாது. தளத்தின் பெயர் எதில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். அஞ்சல் துறையின் தளம் ‘ஜிஓவி.இன்’ என்றே முடியும். அனுப்பியது ஒரு வெளிநாட்டு எண்ணோ யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியோ என்றால் அங்கேயே வேடம் கலைந்துவிடும். ஸ்பீட் போஸ்ட்டுக்கு எழுத்தும் எண்ணுமாக 13 இடங்கள் கொண்ட குறியீடு உண்டு. அதை அஞ்சல் துறைத் தளத்தில் நாமே இட்டுப் பார்க்கலாம், வந்த இணைப்பைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பணம் போன பதற்றத்தில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்கும் ஒருவர் வாயில் சொல் தடுக்காமல் வரவேண்டும். ‘குறுஞ்செய்திவழித் தூண்டிலிடல்’ அப்படி வராது.

மீதி இருப்பது, செய்தி, மின்னஞ்சல், அழைப்பு என எந்த வழியில் வந்தாலும் இத்தகைய மோசடியைக் குறிக்கும் ஃபிஷிங் என்ற பொதுச்சொல். வழிப்பறி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே வார்ப்பில் ‘வேடப்பறி’ என்று வைத்தால் என்ன? மறுப்பு இருந்தால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றும் முன் சொல்லுங்கள்.