சி.டி. அறிக்கையில் 'கிரவுண்ட் கிளாஸ்' மங்கல்: தொற்றா, இடைத்திசு மாற்றமா?

கம்பத்திலிருந்து ஒருவர்:
குமுளியில் ஏலத்தோட்டக் கங்காணியாக இருந்த 68 வயது அப்பாவுக்கு, சிறுநீரகக் கல்லுக்காகக் கோட்டயத்தில் வயிற்று சி.டி. எடுத்தோம். நுரையீரலின் அடியில் இருபுறமும் 'கிரவுண்ட் கிளாஸ்' (தேய்த்த கண்ணாடி போன்ற) மங்கல் தெரிவதாகவும், தொற்றா, இடைத்திசு (காற்றுப்பைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய திசு) மாற்றமா எனப் பிரித்தறிய வேண்டுமென்றும் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல், இருமல் இல்லை. முன்பு பீடி குடித்தவர். ஆன்டிபயாடிக் தொடங்கலாமா?

பாலக்காட்டு நுரையீரல் மருத்துவர்:
அறிகுறியே இல்லாதவருக்கு ஒற்றை வரியைப் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொற்று பெரும்பாலும் திட்டாகக் கெட்டிப்பட்டோ, நுண்குழாய் நுனிகளில் மொட்டுவிட்ட கிளைபோலவோ தெரிந்து, சில வாரங்களில் கரையும். இடைத்திசு மாற்றமோ பல நேரங்களில் நுரையீரலின் ஓரத்தில் வலை பின்னியதுபோல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், அருகிலுள்ள மூச்சுக்குழாய்களை அது இழுத்து விரித்திருந்தால் தழும்பு விழுந்திருப்பதாகக் கொள்ளலாம். மார்பு ஸ்கேன் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃபிளெய்ஷ்னர் சங்கத்தின் 2020 வரையறைப்படி, இடைத்திசு மாற்றம் ஒரு நுரையீரல் மண்டலத்தில் (மேல், நடு, கீழ்ப் பகுதிகளில் ஒன்றில்) 5 சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தால்தான் கணக்கில் வரும். வயிற்று ஸ்கேனில் முழு நுரையீரலும் தெரியாது என்பதால், மார்புக்குத் தனியாக மெல்லிய வெட்டுகளில் சி.டி. எடுத்து, மூச்சுத்திறன் சோதனையும் செய்யுங்கள்.

செங்கோட்டை ஸ்கேன் பணியாளர்:
மல்லாந்து படுக்கும்போது முதுகுப்புறம் அழுந்தினாலும் இதே மங்கல் வரும், ஐயா. குப்புறப் படுக்க வைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்தால் அது மறைந்துவிடும். பழைய ஸ்கேன் சி.டி. வட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

கம்பத்திலிருந்து:
மூன்று ஆண்டுக்கு முந்தைய வட்டு பீரோவில் கிடைத்தது. திங்களன்று கொண்டு செல்கிறோம்.